மீவேக வெண் குறுமீன்

மீவேக வெண் குறுமீன் என்பது பால் வழி மண்டலத்தின் ஏனைய விண்மீன்களைக் காட்டிலும் மிகுந்த வேகத்துடன் செல்லும் வெண் குறுமீன் ஆகும். இவற்றுள் சில நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் கொண்டவை. ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்களில் ஒன்று மீயொளிர் விண்மீனாக (சூப்பர்நோவா) வெடித்தபோது, அதன் துணை விண்மீனோ வெடிப்பில் எஞ்சிய பகுதியோ வெளியே எறியப்பட்டதால் இவ்வேகம் கிடைத்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது.

இவ்விண்மீன்களின் வேகம், அவற்றின் ஒளி நிறமாலையில் காணப்படும் கோடுகளின் இடப்பெயர்ச்சியைக் கொண்டு அளக்கப்படுகின்றது. ஆனால் இயக்கத்தைப் போலவே ஈர்ப்பு விசையும் கோடுகளை இடம்பெயரச் செய்யும். இவ்விரண்டையும் பிரித்தறியும் சிக்கல், சூரியனைப் பொறுத்தவரை, பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் வான்காணகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விரிவாக ஆராயப்பட்டது.

## வெண் குறுமீன்

சூரியனைப் போன்ற விண்மீன் தன் அணுக்கரு எரிபொருளை எரித்து முடித்தபின், வெளிப்படலங்களை இழந்து, கரிமமும் ஆக்சிசனும் நிறைந்த அடர்ந்த உள்ளகமாக எஞ்சுகின்றது. இதுவே வெண் குறுமீன். சூரியனின் நிறையில் ஏறத்தாழ 60 விழுக்காடு, புவியின் பருமனளவே உள்ள ஒரு கோளத்துக்குள் அடங்கியிருப்பது வழக்கமான வெண் குறுமீனின் இயல்பு.

இத்தகைய விண்மீன் தன் ஈர்ப்பினால் மேலும் நொறுங்கிவிடாமல் இருப்பதற்கான காரணத்தை 1926இல் ரால்ப் ஃபவுலர் விளக்கினார். எதிர்மின்னிகளை ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியாது என்னும் குவாண்டம் இயற்பியல் விதியால் எழும் அழுத்தமே அவ்விண்மீனைத் தாங்குகின்றது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது இக்கருத்தைச் சார்பியல் கோட்பாட்டுடன் இணைத்துக் கணக்கிட்டார். வெண் குறுமீனின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்பது அவர் கண்ட முடிவு. சூரிய நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கான இந்த எல்லை *சந்திரசேகர் வரையறை* எனப்படுகின்றது. விண்மீன்களின் கட்டமைப்பு, படிமலர்ச்சி ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

## 1ஏ வகை மீயொளிர் விண்மீன்

தனித்திருக்கும் வெண் குறுமீன் மெல்லக் குளிர்ந்துகொண்டே செல்லும், அது வெடிப்பதில்லை. இரும விண்மீன் தொகுதியில் உள்ள வெண் குறுமீனின் நிலை வேறு. துணை விண்மீனிலிருந்து அது பொருளைப் பெற்றுக்கொள்ள முடியும். தகுந்த சூழலில் அதன் கரிமம் கட்டுக்கடங்காத அணுக்கரு இணைவுக்கு உட்பட்டு, விண்மீன் முழுவதும் வெடித்துச் சிதறுகின்றது. இது *1ஏ வகை மீயொளிர் விண்மீன்* ஆகும்.

இவ்வகை வெடிப்புகளின் உண்மையான ஒளிர்வைக் கணித்தறிய முடியும் என்பதால், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளக்க இவை அளவுகோலாகப் பயன்படுகின்றன. அண்டத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டு செல்கின்றது என 1998இல் அறிவிக்கப்பட்டதும் இந்த அளவுகோலைக் கொண்டே. அக்கண்டுபிடிப்புக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும், அளவுகோலாகப் பயன்படும் இந்த வெடிப்பு எவ்வாறு தொடங்குகின்றது, துணை விண்மீன் எத்தகையது என்பன இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை. வெடித்த விண்மீன் சிதறிப் போய்விடுவதால் நேரடிச் சான்று கிடைப்பது அரிது. வெடிப்பிலிருந்து தப்பி ஓடும் விண்மீன்கள் முக்கியத்துவம் பெறுவது இதனாலேயே.

## வேகம் கிடைக்கும் முறை

தினைப்புனம் காப்போர் கவணில் கல்லை வைத்துச் சுழற்றி எறிவர். சுழலும் வரை கல்லைக் கயிறு பிடித்திருக்கின்றது. கயிறு விடுபட்ட கணத்தில், அதுவரை வட்டத்தில் சுழன்ற அதே வேகத்துடன் கல் நேர்கோட்டில் பாய்கின்றது. மீவேக வெண் குறுமீனின் பிறப்பும் இத்தகையதே.

இங்கு கயிறாக இருப்பது இரு விண்மீன்களுக்கு இடையிலான ஈர்ப்பு விசை. வெண் குறுமீன்கள் சிறியவை ஆதலால், இரண்டு வெண் குறுமீன்கள் ஒன்றையொன்று மிக நெருங்கிச் சுற்ற இயலும். ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்களே ஆகும் அளவுக்கு நெருங்கும்போது அவற்றின் சுற்றுவேகம் நொடிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டும். அந்நிலையில் ஒன்று வெடித்துச் சிதறினால் மற்றதைப் பிடித்திருக்கும் ஈர்ப்பு இல்லாமற் போகின்றது. வெடிப்பு தரும் உந்துதலை விட, ஏற்கெனவே இருந்த சுற்றுவேகமே விண்மீனின் வேகத்திற்கு முதன்மைக் காரணம் ஆகும்.

இவ்வாறு தப்பிக்கும் விண்மீன்களில் இரு வகைகள் கருதப்படுகின்றன.

* தப்பிய துணை: நிறை மிகுந்த வெண் குறுமீனின் மேற்பரப்பில் சேர்ந்த ஈலியம் முதலில் வெடிக்கின்றது. அதன் அதிர்ச்சி அலை உள்நோக்கிக் குவிந்து கரிம உள்ளகத்தையும் வெடிக்கச் செய்கின்றது. இரட்டை வெடிப்பு எனப்படும் இம்முறையில், பொருளை வழங்கிய துணை வெண் குறுமீன் சிதையாமல் தப்பிச் செல்கின்றது. இம்முறை ஆய்வாளர்களிடையே *டி6* என்னும் சுருக்கப்பெயரால் வழங்குகின்றது.
* எஞ்சிய பகுதி: வெடிப்பு முழுமை பெறாமல் பாதியில் அடங்கிவிட்டால், வெடித்த வெண் குறுமீனின் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும். ஒளி குன்றிய *1ஏஎக்ஸ் வகை* மீயொளிர் விண்மீன்கள் இவ்வாறு நிகழ்வதாகக் கருதப்படுகின்றது.

## வேகத்தை அளத்தல்

விண்மீனின் இயக்கத்தை இரு கூறுகளாகப் பிரித்து அளக்கின்றனர்.

முதலாவது, வானில் பக்கவாட்டாக நகரும் *தன் இயக்கம்*. பல ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களில் விண்மீனின் இடம் எவ்வளவு மாறியுள்ளது என்பதும், விண்மீனின் தொலைவும் தெரிந்தால் பக்கவாட்டு வேகத்தைக் கணிக்கலாம். 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 வரை இயங்கிய ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம், நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு இவ்வளவீடுகளை வழங்கியது.

இரண்டாவது, நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ செல்லும் *ஆரைத் திசைவேகம்*. விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், தனிமங்களுக்கு உரிய இடங்களில் கருங்கோடுகள் காணப்படும். விண்மீன் விலகிச் சென்றால் கோடுகள் சிவப்புப் பக்கமும் (செம்பெயர்ச்சி), நெருங்கி வந்தால் நீலப் பக்கமும் (நீலப்பெயர்ச்சி) நகரும். இது டாப்ளர் விளைவு ஆகும். ஒளியின் வேகத்தை விட மிகக் குறைந்த வேகங்களுக்குப் பின்வரும் சமன்பாடு பொருந்தும்:

கோட்டின் பெயர்ச்சி ÷ அலைநீளம் = ஆரைத் திசைவேகம் ÷ ஒளியின் வேகம்

இச்சமன்பாடு எளிது. ஆனால், அளந்த பெயர்ச்சி முழுவதும் இயக்கத்தினால்தான் நிகழ்ந்தது என்று உறுதி செய்த பிறகே அதனைப் பயன்படுத்த முடியும்.

## கொடைக்கானலில் நிகழ்ந்த ஆய்வுகள்

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தை அடுத்து, பருவமழைக்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உள்ளதா என அறியும் நோக்கம் வலுப்பெற்றது. அதன் விளைவாகப் பழனி மலையில், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் வான்காணகம் அமைக்கப்பட்டது. சென்னை வான்காணகத்தின் வானியற்பியல் பணிகள் 1899இல் இங்கு மாற்றப்பட்டன. மிச்சி சிமித் இதன் முதல் இயக்குநர் ஆவார்.

### எவர்ஷெட் விளைவு

ஜான் எவர்ஷெட் 1907இல் கொடைக்கானலில் பணியேற்றார். கரும்புள்ளிகளில் காந்தப்புலம் உள்ளதை 1908இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் கண்டறிந்திருந்தார். கரும்புள்ளியில் வளிமம் சுழல்காற்றைப் போலச் சுழல்கின்றது என்ற கருத்தும் அப்போது நிலவியது. எவர்ஷெட் 1909 ஜனவரி 5 அன்று எடுத்த நிறமாலைப் படங்கள் வேறொன்றைக் காட்டின.

கரும்புள்ளி சூரிய வட்டின் நடுவில் இருந்தபோது கோடுகளில் குறிப்பிடத்தக்க பெயர்ச்சி இல்லை. அது விளிம்பை நெருங்கியபோது, விளிம்பை ஒட்டிய பக்கத்தில் செம்பெயர்ச்சியும், வட்டின் மையத்தை ஒட்டிய பக்கத்தில் நீலப்பெயர்ச்சியும் தோன்றின. எனவே வளிமம் மேலெழவில்லை, சுழலவும் இல்லை. சூரியப் பரப்பிற்கு இணையாக, புள்ளியின் உட்பகுதியிலிருந்து வெளிப்புறமாகப் பரவுகின்றது என அவர் முடிவு செய்தார். அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். இது *எவர்ஷெட் விளைவு* என அழைக்கப்படுகின்றது.

### ஈர்ப்புச் செம்பெயர்ச்சி

வலுவான ஈர்ப்புப் புலத்திலிருந்து வெளியேறும் ஒளி ஆற்றலை இழப்பதால், அதன் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும் என ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கூறினார். இதன்படி சூரிய ஒளியின் கோடுகள், அலைநீளத்தில் ஏறத்தாழ 10 லட்சத்தில் 2 பங்கு இடம்பெயர வேண்டும். இது நொடிக்கு ஏறத்தாழ 0.6 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்லும் பொருளின் பெயர்ச்சிக்குச் சமம்.

எவர்ஷெட்டும் அவருடன் பணியாற்றிய தாமஸ் ராய்ட்சும் 1910களில் சூரியக் கோடுகளின் நுண்ணிய பெயர்ச்சிகளை அளந்தனர். அவை கோட்டுக்குக் கோடு வேறுபட்டன. வட்டின் நடுவில் குறைவாகவும் விளிம்பில் கூடுதலாகவும் இருந்தன. ஈர்ப்பு மட்டுமே காரணம் எனில் பெயர்ச்சி வட்டின் எல்லா இடங்களிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இயக்கம் காரணம் எனில், சூரியனின் எல்லாப் பக்கத்து விளிம்புகளிலும் வளிமம் புவியை விட்டு விலகிச் செல்வதாகக் கொள்ள வேண்டியிருந்தது.

புவி ஏதேனும் ஒரு வகையில் சூரிய வளிமத்தைத் தள்ளுகின்றதா என்ற ஐயத்தையும் எவர்ஷெட் சோதித்தார். இதற்கு அவர் வெள்ளிக் கோளைக் கண்ணாடியாகப் பயன்படுத்தினார். வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளி, புவியை நோக்காத சூரியப் பக்கத்திலிருந்தும் வரக்கூடியது என்பதால் அதன் கோடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பல ஆண்டு ஆய்வுக்குப் பின், 1923இல் ஓய்வு பெறும் காலத்திற்குள், ஐன்ஸ்டைன் கூறிய விளைவு சூரிய ஒளியில் உள்ளது என்ற முடிவை அவர் ஏற்றார்.

நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் பிற்காலத்தில் தெளிவாயிற்று. சூரியப் பரப்பில் கொதிக்கும் நீரைப் போல வெப்ப வளிமம் மேலெழுந்து வருகின்றது. நடுப்பகுதியில் இவ்வளிமம் நம்மை நோக்கி வருவதால் நீலப்பெயர்ச்சி உண்டாகி, ஈர்ப்புச் செம்பெயர்ச்சியின் ஒரு பகுதியை மறைக்கின்றது. விளிம்பில் அவ்வியக்கம் நமக்குப் பக்கவாட்டாக அமைவதால் ஈர்ப்பின் விளைவு ஏறத்தாழ முழுமையாகத் தெரிகின்றது.

கொடைக்கானல் வான்காணகம் தற்போது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எடுக்கப்பட்ட அதன் சூரியப் படங்கள் எண்முறையாக்கப்பட்டுள்ளன.

## வெண் குறுமீனில் இரு பெயர்ச்சிகள்

சூரியனை ஒரு வட்டாகக் காண முடிவதால், நடுப்பகுதியையும் விளிம்பையும் ஒப்பிட்டு இயக்கத்தையும் ஈர்ப்பையும் பிரிக்க முடிந்தது. வெண் குறுமீனோ தொலைநோக்கியிலும் ஒரு புள்ளியாகவே தெரியும். அதன் ஈர்ப்புச் செம்பெயர்ச்சியும் சூரியனுடையதைப் போலப் பல மடங்கு. நிறை கூடுதலாகவும் ஆரம் சிறியதாகவும் இருந்தால் இப்பெயர்ச்சி மிகும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இரவு வானின் மிகப் பொலிவான விண்மீனாகிய சிரியசின் துணையான சிரியசு பி. இது சூரியனை ஒத்த நிறையும் புவியை ஒத்த பருமனும் கொண்ட வெண் குறுமீன். இதன் ஈர்ப்புச் செம்பெயர்ச்சியை வால்டர் ஆடம்சு 1925இல் அளந்து வெளியிட்டார். அம்மதிப்பு மிகக் குறைவு எனப் பின்னர் அறியப்பட்டது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு 2005இல் வெளியான ஆய்வு, நொடிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்ற மதிப்பைத் தந்தது. சிரியசு பி உண்மையில் இவ்வேகத்தில் விலகிச் செல்லவில்லை. இரும இணையின் மற்ற விண்மீனுடைய இயக்கம் தெரிந்திருந்ததால், ஈர்ப்பின் பங்கைத் தனியே பிரிக்க இயன்றது.

500 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை நிறக் கோடு ஒன்று எவ்வளவு இடம்பெயரும் என்பதைக் கீழுள்ள அட்டவணை காட்டுகின்றது.

| நிகழ்வு | சமமான வேகம் (கி.மீ/நொடி) | பெயர்ச்சி (நானோமீட்டர்) |
|---|---|---|
| சூரியனின் ஈர்ப்பு | 0.6 | 0.001 |
| எவர்ஷெட் விளைவு | 2 | 0.003 |
| வழக்கமான வெண் குறுமீனின் ஈர்ப்பு | 30 | 0.05 |
| சிரியசு பி விண்மீனின் ஈர்ப்பு | 80 | 0.13 |
| ஜே0927-6335 விண்மீனின் இயக்கம் | 2,285 | 3.8 |

வேகம் நொடிக்கு 50 அல்லது 100 கிலோமீட்டர் உள்ள வெண் குறுமீனில் ஈர்ப்பின் பங்கைக் கழிக்காவிடில் விடை பெரிதும் பிழைபடும். மீவேக விண்மீன்களில் இச்சிக்கல் குறைவு. அதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவதாக, அவற்றின் இயக்கப் பெயர்ச்சி மிகப் பெரியது. இரண்டாவதாக, வெடிப்பிலிருந்து தப்பியவை பல, வழக்கமான வெண் குறுமீனை விடப் பருத்துக் காணப்படுகின்றன. ஆதலால் அவற்றின் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி சிறியது. மேலும், விண்மீனின் ஈர்ப்பு அதன் ஒளியில் எப்போதும் செம்பெயர்ச்சியையே தரும். நீலப்பெயர்ச்சி காணப்பட்டால் அது நெருங்கி வரும் இயக்கத்தையே குறிக்கும்.

## கண்டறியப்பட்டவை

* 2003: வேகமான வெண் குறுமீன்கள் சில, 1ஏ வகை வெடிப்புகளில் துணையாக இருந்தவையாக இருக்கலாம் என்ற கருத்தை பிராட் ஹேன்சன் முன்வைத்தார்.
* யூ.எஸ். 708: ஈலியம் மிகுந்த வெப்பமான குறுமீன், இன்னும் வெண் குறுமீன் ஆகவில்லை. இதன் மீவேகம் 2005இல் அறியப்பட்டது. வெடிப்பிலிருந்து தப்பிய துணை என்ற விளக்கம் 2015இல் வெளியானது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,000 கி.மீ.
* எல்.பி. 40-365: 2017இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 ஒளியாண்டுத் தொலைவில், பால் வழி மண்டலத்தைப் பொறுத்து நொடிக்கு ஏறத்தாழ 850 கி.மீ. வேகத்தில் செல்கின்றது. இதன் வளிமண்டலத்தில் ஐதரசனும் ஈலியமும் காணப்படவில்லை. நியான், ஆக்சிசன், மக்னீசியம் ஆகியவை மிகுந்துள்ளன. பாதியில் அடங்கிய வெடிப்பின் எஞ்சிய பகுதி எனக் கருதப்படுகின்றது. இது ஏறத்தாழ 9 மணி நேரத்திற்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவது 2021இல் தெரியவந்தது. இதனை ஒத்த மேலும் மூன்று விண்மீன்கள் 2019இல் அறிவிக்கப்பட்டன.
* டி6 விண்மீன்கள்: கையா விண்கலத்தின் இரண்டாம் தரவுத் தொகுப்பு 2018 ஏப்ரலில் வெளியானதும், கென் ஷென் தலைமையிலான குழு மூன்று விண்மீன்களை இனங்கண்டது. அவற்றுள் டி6-2 என்பதன் பாதையைப் பின்னோக்கி வரைந்தால், அது ஏறத்தாழ 90,000 ஆண்டுகளுக்கு முன் ஜி70.0-21.5 என்னும் பழைய வெடிப்பு எச்சத்தின் பகுதியில் இருந்தது தெரிகின்றது. இவ்விண்மீனின் இயக்கம் பெரும்பாலும் பக்கவாட்டானது. நிறமாலைக் கோடுகளை மட்டும் நோக்கியிருந்தால் இது மீவேக விண்மீன் என்பது தெரிந்திராது.
* எஸ்.டி.எஸ்.எஸ். ஜே1240+6710: ஆக்சிசன் நிறைந்த வளிமண்டலம் கொண்டது. நொடிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. வேகத்தில், பால் வழி மண்டலத்தின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் செல்கின்றது. பாதி எரிந்த வெண் குறுமீன் என 2020இல் விளக்கப்பட்டது.
* ஜே0927-6335: 2023இல் அறிவிக்கப்பட்ட ஆறு விண்மீன்களுள் ஒன்று. நம்மை நோக்கிய இதன் ஆரைத் திசைவேகம் நொடிக்கு 2,285 கி.மீ.; மொத்த வேகம் ஏறத்தாழ 2,750 கி.மீ. இந்தியாவின் வடக்குத் தெற்கு நீளமான 3,214 கி.மீ. தொலைவை இவ்வேகத்தில் ஒன்றேகால் நொடிக்குள் கடந்துவிடலாம்.

சூரியன் உள்ள பகுதியில், பால் வழி மண்டலத்தின் ஈர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான வேகம் நொடிக்கு ஏறத்தாழ 550 கி.மீ. ஆகும். மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை இவ்வெல்லையைத் தாண்டியவை. அவை இம்மண்டலத்தை விட்டு நிலையாக வெளியேறிவிடும். இவற்றுள் எதையும் வெறுங்கண்ணால் காண இயலாது.

## பிற விளக்கங்கள்

வேகமாகச் செல்லும் ஒவ்வொரு வெண் குறுமீனும் வெடிப்பிலிருந்து தப்பியது எனக் கொள்ள முடியாது.

* பால் வழி மண்டலத்தைச் சூழ்ந்துள்ள *ஒளிவட்டப் பகுதியின்* முதிய விண்மீன்கள், சூரியனைப் போல மண்டலத் தட்டுடன் சேர்ந்து சுழல்வதில்லை. சூரியனே நொடிக்கு ஏறத்தாழ 230 கி.மீ. வேகத்தில் மண்டலத்தைச் சுற்றுவதால், அவை நமக்கு வேகமாகச் செல்வன போலத் தோன்றும். 2001இல் ஓர் ஆய்வுக் குழு 38 வேகமான, குளிர்ந்த வெண் குறுமீன்களை அறிவித்து, அவை ஒளிவட்டப் பகுதியைச் சேர்ந்தவை என்றது. அவற்றுள் பல தடித்த தட்டைச் சேர்ந்தவை எனப் பிறர் வாதிட்டனர். ஹேன்சனின் 2003ஆம் ஆண்டுக் கருத்து இவ்விவாதத்தின் பின்னணியில் எழுந்ததே.
* மண்டல மையத்திலுள்ள பெருங்கருந்துளையை நெருங்கிய இரும விண்மீன்களில் ஒன்று எறியப்படலாம். ஆயின் அதன் பாதை மையத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே வேகத்துடன், வளிமண்டலத்தின் வேதியியல், பருமன், பாதையின் தொடக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே ஒரு விண்மீனின் தோற்றம் முடிவு செய்யப்படுகின்றது.

## தீர்க்கப்படாதவை

1ஏ வகை வெடிப்புகள் யாவும் டி6 முறையிலேயே நிகழ்கின்றன என்றால், சூரியனுக்கு அருகில் தப்பிய துணைகள் இப்போது தெரிவதை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். துணையும் பல வேளைகளில் வெடித்துவிடுகின்றதா, அல்லது தப்பியவை மங்கிக் கண்ணுக்குப் புலப்படாமல் போகின்றனவா என ஆராயப்படுகின்றது. தப்பிய விண்மீன்கள் நீண்ட காலம் பருத்த நிலையில் இருப்பதற்கான காரணமும் விவாதத்தில் உள்ளது. அண்டத்தின் தூரங்களை அளக்கும் அளவுகோல் எத்தகைய விண்மீன்களிலிருந்து உண்டாகின்றது என்பதை அறிய இவ்வினாக்களுக்கான விடைகள் தேவைப்படுகின்றன.

## இவற்றையும் பார்க்கவும்

* வெண் குறுமீன்
* சந்திரசேகர் வரையறை
* எவர்ஷெட் விளைவு
* கொடைக்கானல் வான்காணகம்
* டாப்ளர் விளைவு